காயப் புத்தகத்தில் பதினொரு பேர்

கதவை யாரோ காலால் தட்டினார்கள். சத்தம் பலகையின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது. திறந்தால் கதிர்வேல் நிற்கிறான். காக்கிச் சட்டையைக் கழற்றி வலது கையில் சுற்றியிருந்தான். சட்டை நுனியிலிருந்து ரத்தம் சொட்டி, காலையில் நான் டெட்டால் ஊற்றித் துடைத்த தரையில் விழுந்தது.

"ஏனுங்க சிஸ்டர், ஒரு கட்டுப் போட்டு உடுங்க. சீக்கிரமுங்க."

வெளியே ஒரே கூச்சல். தகரத்தில் இரும்பு மோதுகிற சத்தம், கண்ணாடி நொறுங்குகிற சத்தம். கம்பெனிச் சங்கு நேரங்கெட்ட நேரத்தில் நிற்காமல் ஊதிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டியவர் எங்கே ஓடினாரோ தெரியவில்லை. காலை பத்தரை தாண்டியிருக்கும்.

அவனை ஸ்டூலில் உட்கார வைத்துச் சட்டையைப் பிரித்தேன். உள்ளங்கையின் குறுக்கே ஆழமான வெட்டு. பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே, இன்னொரு கையால் மேசையில் இருந்த பெரிய புத்தகத்தை இழுத்துத் திறந்தேன்.

"பேரெல்லாம் வேண்டாமுங்க சிஸ்டர்" என்றான் கதிர்வேல்.

"பேர் எழுதாம நான் யாருக்கும் கட்டுப் போட்டதில்ல கண்ணு. உனக்குத் தெரியாதா?" என்றேன்.

போன வாரம் நர்சிங் பள்ளி விடுதிச் சமையலைப் பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. இந்தத் தொடரை ஒப்புக்கொண்டபோதே, ஒரு விஷயத்தை மட்டும் எழுத மாட்டேன் என்று பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். அவரும் சரி என்றார். இப்போது நானே எழுதுகிறேன். யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை.

தலைவலிக்காரர்கள்

போத்தனூரில் என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் இருந்தது அந்த பவுண்டரி. இரும்பை உருக்கி, பம்ப்செட்டுக்கான பாகங்களை வார்க்கிற இடம். உள்ளே நுழைந்தால் கருகிய மண் வாசனை மூக்கில் ஏறும். குளித்தாலும் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிறவரை போகாது. கேட்டை ஒட்டி, ஆட்களின் வருகையைப் பதிகிற டைம் ஆபீசுக்குப் பக்கத்தில் என்னுடைய முதலுதவி அறை. டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். மற்ற நேரமெல்லாம் நான்தான்.

கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத வருடங்கள் அவை. உலையில் இரும்பு உருகி நிற்கும்போது கரண்ட் போனால் அவ்வளவுதான், உள்ளேயே இறுகிவிடும். அதை உடைத்தெடுக்க இரண்டு நாள் ஆகும். போதாததற்கு வெளிநாட்டு ஆர்டர்கள் படுத்துவிட்டன. வாரத்துக்கு நான்கு நாள் வேலை என்றார்கள், பிறகு மூன்று நாள். கேன்டீன் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது.

எனக்கு அந்த நாட்கள் தலைவலியாகத்தான் ஞாபகம் இருக்கின்றன. காலை பதினொரு மணிக்கு ஒருவர் பின் ஒருவராக வந்து நிற்பார்கள். "தலை வலிக்குதுங்க சிஸ்டர்." மாத்திரை எடுப்பதற்கு முன் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பேன். சாப்பிட்டிருக்க மாட்டார்கள். குளுக்கோஸ் கலக்கிக் கொடுப்பேன். கல்யாணமாகி மூன்று பிள்ளை பெற்ற ஆண்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அதைக் குடிப்பார்கள்.

அந்த நேரம் பார்த்து வெளியூரிலிருந்து புதிதாக ஒரு பர்சனல் மேனேஜர் வந்தார். வந்த இரண்டே மாதத்தில் நோட்டீஸ் போர்டில் ஒரு பட்டியல் ஒட்டினார். நாற்பது பேருக்கு மேல் வேலை நீக்கம். மறுநாள் எல்லோரும் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். ஸ்ட்ரைக்.

முதல் வாரம் பந்தலில் பாட்டும் பேச்சுமாக இருந்தது. மூன்றாவது வாரம் பாட்டு நின்றது. ஐந்தாவது வாரம் பேச்சும் நின்றது. நானும் ஆபீஸ்காரர்களும் பக்கவாட்டுக் கேட் வழியாகப் போய் வந்தோம். "வாங்க சிஸ்டர்" என்று தினமும் எழுந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், கடைசியில் உட்கார்ந்தபடியே தலையை மட்டும் ஆட்டினார்கள்.

ஆறாவது வாரம் ஒரு திங்கட்கிழமை காலை, ஜன்னலில் திரை போட்ட ஒரு பஸ் கேட்டுக்கு வந்தது. உள்ளே கான்ட்ராக்ட் ஆட்கள். இரண்டு போலீஸ்காரர்கள் வழி ஒதுக்கிக் கொடுக்க, பஸ் உள்ளே போனது. அது கண்ணுக்கு மறைவதற்குள், பந்தலில் இருந்தவர்கள் முட்டித் தள்ளியதில் கேட் சாய்ந்தது.

ரங்கசாமிக்கு நான் செய்தது

ஒரு கையில் ரத்தம் வழிய வந்தவனிடம் போய்ப் பெயர் கேட்ட இவள் என்ன மனுஷி என்று நீங்கள் நினைக்கலாம். அதற்குப் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், ரங்கசாமி என்கிற, வார்ப்பு அச்சு செய்கிற மோல்டிங் தொழிலாளியின் இரண்டு விரல்கள் மிஷினில் போய்விட்டன. பதறிப்போய்க் கட்டுப் போட்டு, விரல்களை ஐஸில் வைத்து, ஆட்டோவில் நானே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எழுதி வைக்க வேண்டும் என்கிற நினைப்பே இல்லை. அப்போது ஒரு ரூல் போட்ட நோட்டுதான் இருந்தது, அதில் மாத்திரைக் கணக்கு எழுதுவோம்.

இரண்டு மாதம் கழித்துக் கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? விபத்து எங்கள் வளாகத்தில் நடக்கவே இல்லை, அவர் வீட்டில் விறகு பிளக்கும்போது வெட்டிக்கொண்டார் என்றது. நான் போய்ச் சாட்சி சொன்னேன். "எழுத்தில் இருக்கிறதா அம்மா?" என்று கேட்டார்கள். இல்லை. நஷ்டஈடு கிடைக்கவில்லை.

ரங்கசாமி கணக்கை முடித்துக்கொண்டு போகிற அன்று என் அறை வாசலில் வந்து நின்றார். "நீங்கதானுங்க கட்டுனீங்க. ஒரு வரி எழுதி வெச்சிருக்கக் கூடாதுங்களா?" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் கேட்டது சந்தேகம் கேட்கிற மாதிரி இருந்தது. அன்று வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு மல்லுக்கட்டி ஒரு பதிவேடு வாங்கினேன். தைத்து அட்டை போட்டது. பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அடித்தது, கிழித்தால் தெரிந்துவிடும். பெயர், டோக்கன் நம்பர், நேரம், காயம், காரணம், நடந்த இடம். எழுதியதை வாசித்துக் காட்டி, கீழே அவரவர் கையெழுத்து வாங்குவேன். "வாசித்துக் காட்டினேன், ஒப்புக்கொண்டார்" என்று ஒரு வரியும் சேர்ப்பேன். இதெல்லாம் சட்டத்தில் இல்லை, நானாகச் சேர்த்தது.

அந்தப் புத்தகத்தைக் காட்டி எத்தனையோ பேர் நஷ்டஈடு வாங்கியிருக்கிறார்கள். தொழிலாளர்கள் அதற்குக் காயப் புத்தகம் என்று பெயர் வைத்தார்கள். சிராய்ப்பு என்றாலும் வந்து, "எழுதிப்போட்டீங்களா சிஸ்டர்?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் போவார்கள். புதிதாகச் சேருகிறவனுக்கு மூத்தவர்கள் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடமே அதுதான்: அடிபட்டால் முதலில் சிஸ்டரிடம் போய்ப் பெயரை எழுது. கிண்டலும் உண்டு. சித்திரகுப்தன் என்று என்னைக் கூப்பிடுவார்கள். எங்கள் பங்குச் சாமியார் காதில் விழுந்தால் என்ன நினைப்பாரோ என்று நான் சிரிப்பேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

வரிசையில் வந்தார்கள்

கதிர்வேலிடம் திரும்ப வருகிறேன். அவன் ஃபெட்லிங் பிரிவு, அதாவது வார்த்த இரும்பின் பிசிறுகளைத் தட்டி உரசி எடுக்கிற வேலை. அன்னூர்ப் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதிகம் பேசமாட்டான்.

"எப்படி ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஏதோ ஒண்ணு எழுதிக்குங்க சிஸ்டர்."

"ஏதோ ஒண்ணு எழுத இது என்ன எங்க ஊட்டுச் சுவரா? சொல்லு."

தலையைக் குனிந்துகொண்டான். "ஆபீஸ் ஜன்னல் கண்ணாடிங்க."

காரணம்: ஆபீஸ் ஜன்னல் கண்ணாடி. இடம்: ஆபீஸ் வராண்டா. நேரம்: 10.40. அழகான கையெழுத்தில் எழுதினேன். ரத்தம் நின்றதும் கழுவிக் கட்டுப் போட்டு, ஊசி போட்டேன். வலது கை பேனா பிடிக்கிற நிலையில் இல்லை. இங்க் பேடை எடுத்து வைத்தேன்.

"ஐடிஐ படிச்சவனுங்க நான். கைநாட்டு வெக்கச் சொல்றீங்களே" என்றான்.

"பரவால்ல, வை" என்று இடது கைப் பெருவிரலை நானே பிடித்து உருட்டி வைத்தேன். வாசித்துக் காட்டினேன். தலையாட்டினான். நரம்பு வெட்டுப்பட்டிருக்கும், உடனே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போடு என்று சீட்டுக் கொடுத்தேன். "போயிட்டு வாரேனுங்க" என்று போனான்.

அவன் போவதற்குள் பெஞ்சில் மூன்று பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நெற்றியில் கல் பட்டவர், கேட் விழுந்து கால் நசுங்கியவர், கண்ணாடி கீறியவர். பிறகும் வந்தார்கள். மொத்தம் பதினொரு பேர். வெளியே கம்பெனியே இரண்டுபட்டுக் கிடக்கிறது. இவர்கள் ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி முறை வைத்து உட்கார்ந்து, டோக்கன் நம்பரைச் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒருவர், "சிஸ்டர், எனக்கு டைம் போடலீங்க" என்று திரும்பி வந்து போடச் சொல்லிவிட்டுப் போனார். கதிர்வேல் ஒருவன்தான் வேண்டாம் என்று சொன்னவன். மற்றவர்களுக்குத் தோன்றவே இல்லை. இருபது வருடமாக நான் பழக்கிய பழக்கம் அது.

பன்னிரண்டாவதாக வந்தவர் பர்சனல் மேனேஜர். நடந்து வரவில்லை, இரண்டு செக்யூரிட்டிகள் கதவுப் பலகை ஒன்றில் வைத்துத் தூக்கி வந்தார்கள். இரும்புக் கம்பியால் அடித்திருக்கிறார்கள். ஒரு கண் இருந்த இடத்தைப் பார்க்க எனக்கே முடியவில்லை, எத்தனையோ தீக்காயம் பார்த்தவள் நான். என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குச் சொல்லாதீங்க மேடம், அம்மா பயந்துடுவாங்க" என்றார். அந்தப் பட்டியலை ஒட்டிய ஆள்தான். இருந்தாலும் அவரைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அவர் பெயரையும் எழுதினேன். உயிர் பிழைத்தார், அந்தக் கண் போய்விட்டது.

ரசீது

மதியம் போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கேட்டார். "சிஸ்டர், இன்னிக்கு யார் யாருக்கு அடிபட்டதுன்னு எதாவது ரெக்கார்டு இருக்குங்களா?"

நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தொழிலாளர்களுக்கும் அடிபட்டிருக்கிறது, அதற்கு ஒரு சாட்சி வேண்டும், அது என்னிடம் இருக்கிறது என்று நினைத்தேன். ரங்கசாமிக்குச் செய்த தவறை இவர்களுக்குச் செய்யவில்லை என்று நினைத்தேன். புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அதற்கு ரசீதும் கேட்டு வாங்கினேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

மறுநாள் விடிவதற்குள் பதினொரு பேரையும் அவரவர் வீட்டிலேயே வைத்துப் பிடித்தார்கள். கொலை முயற்சி, கலவரம், சொத்துச் சேதம். விலாசம் தேட வேண்டிய சிரமம்கூட இல்லை, டோக்கன் நம்பரைக் கொடுத்ததும் டைம் ஆபீஸ் எடுத்துக் கொடுத்தது. கம்பெனி தனியாக விசாரணை வைத்து பதினொரு பேரையும் வேலையை விட்டு நீக்கியது. அந்த விசாரணையிலும் என் புத்தகம்தான் ஆதாரம். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். அந்த வேலியை நட்டவள் நான்.

கம்பியால் அடித்தவர்கள் யார் என்று கம்பெனி முழுக்கத் தெரியும். மூன்று பேர். அவர்கள் மேல் ஒரு கீறல்கூட இல்லை. கீறல் இல்லாததால் என் அறைக்கு வரவில்லை, வராததால் புத்தகத்தில் இல்லை, புத்தகத்தில் இல்லாததால் வழக்கிலும் இல்லை. ஸ்ட்ரைக் செய்ததற்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று பேரும் வேலையில் சேர்ந்தார்கள். அதில் ஒருவர் என் ஜன்னலைக் கடக்கும்போது மட்டும் நடையை வேகப்படுத்துவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை

மூன்று மாதம் கழித்துக் கதிர்வேலுக்கு ஜாமீன் கிடைத்தது. அதற்கு அடுத்த ஞாயிறு, நான் கோவிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். அன்னூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். வயிற்றில் ஆறு மாதம் இருக்கும்.

"நான் கதிர்வேல் சம்சாரமுங்க. பேரு தேவிங்க."

உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"வக்கீல் சொல்றாருங்க, அந்தக் கைநாட்டும் அந்தக் கண்ணாடிங்கற வார்த்தையும்தான் அவரை கேஸ்ல பிடிச்சு வெச்சிருக்குதுன்னு. கோர்ட்ல கூப்புட்டா, அவரு அப்படிச் சொல்லவே இல்லைன்னு மட்டும் சொல்லிருங்க. நீங்களா நெனச்சு எழுதுனதுன்னு சொல்லுங்க. உங்களுக்கு ஒண்ணும் வராதுங்களாமா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை காலங்காத்தால வந்து என்னைப் பொய் சொல்லச் சொல்றியா அம்மணி?" என்றேன்.

அவள் எழுந்துவிட்டாள். "அவரு கையி மடங்க மாட்டேங்குதுங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கே போகலீங்க. அங்க போலீஸ் நிக்கும்னு பயந்து நேரா ஊட்டுக்கு வந்துட்டாரு. மூணு வெரலு அப்படியே நிக்குதுங்க" என்றாள். நான் வைத்த காபியைத் தொடவில்லை. கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனாள்.

உள்ளே வந்து என் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், நாளுக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். "நான் எழுதினது சத்தியம். மடியில கனமில்ல, எனக்கு வழியில பயமில்ல" என்றேன்.

"உன் மடியில இல்ல. அந்தப் பொண்ணு மடியில இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினார்.

யாரும் வராத அறை

அதற்குப் பிறகு நான்கு வருடம் அந்த அறையில் வேலை பார்த்தேன். வேலை என்று சொன்னால் சிரிப்பு வரும். ஒருவரும் வரவில்லை. புதுப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். ஆபீஸ்காரர்களின் பிரஷரும் சர்க்கரையும்தான் அதில் இருந்தன.

அடிபடாமல் இருந்தார்களா என்றால், பவுண்டரியில் அது நடக்கிற காரியமில்லை. தீக்காயத்துக்குப் பற்பசை பூசிக்கொண்டார்கள். வெட்டுக்குத் துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, வெளியே மருந்துக்கடையில் போய் நின்றார்கள். ஒருநாள் ஒரு வடக்கத்திப் பையன் பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டபடி என் ஜன்னலைக் கடந்தான். பாக்கெட் நனைந்து சிவப்பாக இருந்தது. எழுந்து ஓடிப்போய் கூப்பிட்டேன். தமிழ் தெரியாத பையன். ஆனால் என் அறைக்கு மட்டும் போகக்கூடாது என்று யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஓடிவிட்டான்.

கதிர்வேலுக்குக் கோயமுத்தூரில் எந்தக் கம்பெனியும் வேலை கொடுக்கவில்லை. கேஸ் இருக்கிறதா என்றுதான் முதல் கேள்வி. தறிக்குப் போனான், மடங்காத விரல்களை வைத்துக்கொண்டு அறுந்த நூலை முடிய முடியவில்லை. கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். பெண் குழந்தை பிறந்தது, பள்ளிக்கூடம் போனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் லீவு போட்டு கோர்ட்டுக்கு வந்து நின்றான். நடுவில் கொரோனா வந்து எல்லாம் மூடியது. பதினொரு பேரில் ஒருவர் அதில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக மொத்தம் ஒன்பது வருடம் கழித்து எனக்குச் சம்மன் வந்தது.

வாசித்துக் காட்டினீர்களா?

அதற்குள் நான் மாறியிருந்தேன். பொய் சொல்வது என்று முடிவு செய்திருந்தேன். முந்தின வாரம் பாவசங்கீர்த்தனத்தில், செய்யப்போகிற பாவத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பு உண்டா என்று சாமியாரிடம் கேட்டேன். அப்படியொரு வசதி இல்லை அம்மா என்றார். சரி, பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

சாட்சிக் கூண்டில் ஏறியதும் புத்தகத்தைக் காட்டினார்கள். என் கையெழுத்தை நானே ஒன்பது வருடம் கழித்துப் பார்க்கிறேன். கீழே கதிர்வேலின் பெருவிரல், கோடு கோடாக, கொஞ்சமும் கலையாமல் இருந்தது. நான் உருட்டி வைத்தது, அதனால்தான் அவ்வளவு தெளிவு.

"ஜன்னல் கண்ணாடின்னு இவர் சொன்னாரா?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"இல்லைங்க. அவர் ஒண்ணும் சொல்லல. நானா நினைச்சு எழுதினேன்."

கதிர்வேலின் வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். அரசு வக்கீல் கோபப்படவில்லை. வயதில் சின்னவர், ரொம்பப் பொறுமை. கடைசி வரியில் விரலை வைத்தார்.

"'வாசித்துக் காட்டினேன், ஒப்புக்கொண்டார்.' இதுவும் உங்க கையெழுத்துதானுங்களே?"

"ஆமாங்க."

"அப்ப அதுவும் நீங்களா நினைச்சு எழுதினதா? இதுக்கு முன்னால நீங்க எழுதின புத்தகமெல்லாம் இருக்கு. அதைக் காட்டித்தான் நிறையப் பேர் நஷ்டஈடு வாங்கியிருக்காங்க. அதெல்லாமும் நீங்களா நினைச்சு எழுதினதுதானுங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தேன். ஆனால் விரலும் கையும் போய், என் புத்தகத்தை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். கதிர்வேல் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினான், விட்டுவிடுங்கள் என்கிற மாதிரி.

"வாசித்துக் காட்டினேன்" என்றேன்.

சத்தியம்தான் என்னை அப்படிச் சொல்ல வைத்ததா, என் புத்தகத்தின் மேல் எனக்கிருந்த திமிரா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சத்தியம் என்று சொல்லிக்கொண்டால் தூக்கம் வரும். அப்படிச் சொல்லிக்கொள்ள மனசு வரவில்லை.

வராண்டாவில்

தீர்ப்பு நாளில் எனக்கு அங்கே வேலை இல்லை. இருந்தும் போனேன். ஐந்து பேரை விடுவித்தார்கள். கதிர்வேலோடு சேர்த்து ஐந்து பேருக்கு ஐந்து வருடம் கடுங்காவல். கூட்டமாகச் சேர்ந்து செய்த குற்றத்துக்குக் கூட்டத்தில் இருந்த எல்லோரும் பொறுப்பு என்று வக்கீல் எனக்கு விளக்கினார். கேட்டுக்கொண்டேன்.

வேனுக்குக் காத்திருந்த நேரத்தில் வராண்டாவில் அவனை நிறுத்தியிருந்தார்கள். தேவி சுவரோடு உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், பார்வையைத் திருப்பிக்கொண்டாள். நான் கதிர்வேலிடம் போனேன். ஒன்பது வருடமாக நான் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

"நீ என்னதான் பண்ணினே கண்ணு?"

"ஜன்னல்ல ஒரு காஸ்டிங் இரும்புத் துண்டை எறிஞ்சனுங்க. ஒடைஞ்ச கண்ணாடியப் புடிச்சு இழுத்தேன், கையில ஏறிருச்சு. மேனேஜரை நான் தொடலீங்க. அவரு உள்பக்கம் இருந்தாருங்க." என்றவன், "அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பனுங்க" என்றான்.

கேட்கவில்லை. என் புத்தகத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கான்ஸ்டபிள் நேரமாகிறது என்றார். கதிர்வேல் வலது கையை என் முன்னால் நீட்டினான். மூன்று விரல்கள் மடங்காமல் நேராக நின்றன. உள்ளங்கைக் குறுக்கே தழும்பு வெள்ளையாக இருந்தது.

"கடுங்காவல்னா உள்ள வேலை செய்யோணுமாமுங்க. இந்தக் கையில ஒரு வேலையும் ஆகாதுங்க சிஸ்டர். கை இப்படி இருக்குதுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்களேன். நீங்க எழுதுனா நம்புவாங்க."

குத்திக் காட்டுகிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. நிஜமாகவே கேட்டான்.

"நான் ரிட்டயர் ஆயிட்டேன் கண்ணு. நான் எழுதினா செல்லாது. டாக்டர்தான் எழுதணும்" என்றேன்.

"அப்படீங்களா" என்று கையை மடக்காமல் கீழே இறக்கிக்கொண்டான். அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

வேண்டாம் என்று அவன் கெஞ்சிய அன்று, கையைப் பிடித்து உருட்டி எழுதி வாங்கினேன். எழுதிக் கொடுங்கள் என்று அவன் கேட்ட அன்று, என் கையெழுத்துக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது.